மணலி புதுநகருக்குக் கோப்பு அனுப்பிய மாதங்கள்

எங்கள் வரைபட அலுவலகத்தை மூடிவிட்டு எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொன்னபோது மற்றவர்களுக்கு ஏக சந்தோஷம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வரவேண்டியதில்லை. எனக்கு மட்டும் அந்தச் செய்தி பிடிக்கவில்லை. திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால் மாடிப் போர்ஷனில் இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அதற்கென்று தனிக்கதை எதுவும் கிடையாது, தள்ளித் தள்ளிப் போய் அப்படியே நின்றுவிட்டது. அப்பா இருந்தவரை அவர் இருமலாவது வீட்டில் கேட்டது. அவரும் போன பிறகு பேச்சு என்றால் அது அலுவலகத்தில்தான்.

என் வேலை குழாய் வரைவது. காட்டுப்பள்ளியில் பழுது பார்க்க வரும் கப்பல்களில் துருப்பிடித்த குழாய்களை அறுத்தெடுத்துப் புதிது பொருத்துகிற ஒப்பந்தக்காரரிடம் இருந்தேன். எந்த இடத்தில் குழாய் வளைகிறது, எங்கே வால்வு, எங்கே தாங்கி என்று ஒவ்வொன்றையும் அளவோடு வரைந்து கொடுக்கவேண்டும். கப்பலுக்குள் கருவி வைத்து எடுக்கிற படங்களும் சேர்ந்தால் ஒரு கோப்பே மலை மாதிரி கனக்கும். மற்றவர்கள் வேலை மெயிலிலேயே போய்விடும், இது போகாது. அதனால் நிறுவனத்துக்கென்று ஒரு சர்வர் கம்ப்யூட்டர் இருந்தது. அலுவலகத்தைக் காலி செய்தபோது அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் வீட்டுக்கே ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அவர் வீடு மணலி புதுநகரில். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. எங்கள் அலுவலகத்துக்கு வராமல் காட்டுப்பள்ளி கப்பல் யார்டு பக்கமே இருந்தவர். இனி கோப்புகளை அவர் வீட்டு சர்வருக்கு அனுப்பவேண்டும் என்று அதன் இணைய எண்ணும் என் பேருக்கு ஒரு பாஸ்வேர்டும் கொடுத்தார்கள். அனுப்பிப் பார்த்தேன், போகவில்லை.

முதல் தடவை அவருக்குப் போன் செய்தது அதற்காகத்தான். குரலை வைத்து என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கும் என்று நினைத்தேன். ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

“மேடம், நீங்க உள்ள வந்திருக்கீங்க. உங்க பேரு இங்க தெரியுது. அங்க என்ன சொல்லுது?”

“பாஸ்வேர்டை எடுத்துக்குது சார். லிஸ்ட்டு வரமாட்டேங்குது. உடனே முடியாதுன்னு சொல்லிடுது.”

லிஸ்ட் என்றால் சர்வரில் என்னென்ன கோப்பு இருக்கிறது என்ற பட்டியல். அது வந்தால்தான் எதையும் போடவோ எடுக்கவோ முடியும். அவர் தன் வீட்டு கேட்வேயில் ஏதோ மாற்றுவதாகச் சொல்லிவிட்டு, மறுபடி முயற்சி செய்யச் சொன்னார். கேட்வே என்று அவர் சொன்னது இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் பெட்டியைத்தான். வெளியிலிருந்து கண்டவர்களும் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நுழையாதபடி தடுக்கும் காவல் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தக் காவலைச் சில இடங்களில் தளர்த்தினால் எனக்கு வழி கிடைக்கும் என்றார். அன்று கிடைக்கவில்லை. மறுநாளும் இல்லை.

இப்படித்தான் அது பழக்கமாயிற்று. சாயங்காலம் வேலை முடிகிற நேரத்தில் அவர் கூப்பிடுவார், அல்லது நான். அவர் ஒன்றை மாற்றுவார், நான் முயற்சி செய்து திரையில் வருவதை வாசிப்பேன். அதுவரைக்கும் அன்றைய கோப்புகளை ஒரு பென்டிரைவில் போட்டு, யார்டுக்குப் போகிற வேன் டிரைவரிடம் தேரடி முனையில் கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலை நிற்கவில்லை என்பதால் முதலாளி அவசரப்படுத்தவில்லை. எங்களுக்கும் அவசரம் இல்லை. எனக்கு இல்லை என்பதாவது நிச்சயம்.

மெதுவாகப் பேச்சில் மரியாதை தளர்ந்தது. ‘என்ன சொல்லுது’ என்று கேட்டவர் ‘இன்னா சொல்லுது’ என்று கேட்க ஆரம்பித்தார். நானும் அந்த ஊர்க்காரிதானே. அலுவலகத் தமிழைக் கழற்றி வைத்துவிட்டு, “அதே தான் சொல்லிக்கினு கீது சார்” என்றேன் ஒருநாள். அந்தப் பக்கம் சிரித்தார். போனில் அவர் குரலுக்குப் பின்னால் ஃபேன் ஓடுகிற சத்தமும் காக்கைச் சத்தமும் மட்டும் கேட்கும். வேறு குரல் எதுவும் கேட்காது. இவரும் என்னைப்போலத்தான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். கேட்கவில்லை. கோப்பைத் தவிர வேறு விஷயம் நாங்கள் பேசியதே இல்லை என்று சொன்னால் நம்புவது கஷ்டம். மணலிப் பக்கம் கேஸ் வாடை அடிக்கிற நாட்களில் “இன்னிக்கு மூக்க மூடிக்கினுதான் ஒக்காந்துகினு கீறேன்” என்பார். “இங்கயும் வருது” என்பேன். சொந்த விஷயம் என்றால் அவ்வளவுதான்.

ஒருநாள் மத்தியானம் அலுவலகம் எனக்குக் கொடுத்திருந்த வைஃபை பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டு கிறீச்சிட்டது. எரிச்சலில் சுவிட்சை அணைத்துவிட்டேன். சாயங்காலம் வழக்கம்போல முயற்சி செய்தபோது திரை வேறு மாதிரி நடந்துகொண்டது. எப்போதும் பட்டியல் கேட்டவுடன் முகத்தில் அடித்தாற்போல மறுப்பு வரும். அன்று மறுப்பு வரவில்லை. அப்படியே நின்றது. வெகுநேரம் காத்திருந்து, பிறகு பதில் இல்லை என்று கைவிட்டது. பிரிண்டரைப் போட்டேன். பழையபடி உடனே மறுப்பு. அணைத்தேன். மறுபடி காத்திருப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். “பிரிண்டருக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?” என்றார். பிறகு யோசித்து, பட்டியல் கேட்பதற்கு முந்தைய வரியில் இருக்கும் எண்களை வாசிக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

“அது என் வூட்டு உள்நம்பரு மேடம்” என்றார். “வெளியாளுங்க கைல குடுக்கக் கூடாத நம்பர இந்த சர்வரு உங்களாண்ட குடுத்துக்கினு கீது. உங்க வூட்ல அதே நம்பரு பிரிண்டருக்கு கீது. நீங்க இம்மாம் நாளா உங்க பிரிண்டராண்ட போயி லிஸ்ட்டு கேட்டுகினு இருந்திருக்கீங்க.”

பிறகு நிதானமாக விளக்கினார். இந்த முறையில் கோப்பு அனுப்ப இரண்டு இணைப்பு வேண்டும். முதல் இணைப்பில் பேரும் பாஸ்வேர்டும் சொல்லி உள்ளே வருகிறோம். பட்டியலும் கோப்பும் அதன் வழியாகப் போகாது. இன்ன எண்ணில் இன்ன வாசலுக்கு வா என்று சர்வர் சொல்லும். அந்த வாசலுக்கு இரண்டாவது இணைப்புப் போடவேண்டும். சர்வருக்கோ தன் வீட்டுக்குள் இருக்கும் எண்தான் தெரியும். வீட்டுக்கு வெளியே அதற்கு என்ன எண் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் உள் எண்ணையே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது. எல்லார் வீட்டிலும் உள் எண்கள் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்குமாம். என் கம்ப்யூட்டர் தெருவில் இறங்கவே இல்லை. என் வீட்டுக்குள்ளேயே தேடி, அந்த எண்ணில் இருந்த பிரிண்டரிடம் போய்க் கேட்டு, அது முடியாது என்றதை என்னிடம் வந்து சொல்லியிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அறையில் நான் சத்தமாகச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. என் சிரிப்பே எனக்கு அந்நியமாகக் கேட்டது.

அவர் சர்வரில் வெளி எண்ணை எழுதி வைத்தார். மறுப்பு வருவது நின்றது, ஆனால் காத்திருப்புத் தொடர்ந்தது. சர்வர் இப்போது சரியான எண்ணைத்தான் சொன்னது. அது சொன்ன வாசலை மட்டும் கேட்வே அடைத்து வைத்திருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு புது வாசலைச் சொல்வதால் எதைத் திறப்பது என்று கேட்வேக்குத் தெரியவில்லை. இந்த வாசலிலிருந்து இந்த வாசலுக்குள் மட்டும் கொடு என்று அவர் சர்வருக்குச் சொன்னார். அதே வாசல்களைத் திறந்து வைக்கும்படி கேட்வேயிலும் எழுதினார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கீழே தெருவில் மீன்காரம்மா கடைசியாக மிஞ்சிய சங்கராவைக் கூவிக்கொண்டு போகும்போது, பட்டியல் வந்தது. என் பேரில் ஒரே ஒரு கோப்பு. சோதனைக்காக அவர் போட்டு வைத்தது. அதன் பெயர் ‘வணக்கம்’.

“வந்துருச்சு சார்” என்றேன்.

“இன்னா பேரு கீது?”

“வணக்கம்னு கீது.”

“அப்ப சரி” என்றார். போனை வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அத்தோடு முடியவில்லை. சின்னக் கோப்புகள் போயின. பெரியவை முழுவதும் போனாலும், போய்ச் சேர்ந்ததாக எனக்குத் தகவல் வராமல் திரை அப்படியே நிற்கும். நான் போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்புவேன். அவர் கூப்பிட்டு, “ஏற்கெனவே வந்துகீதே, இன்னாத்துக்குத் திருப்பி அனுப்புறீங்க” என்பார். கோப்பு இரண்டாவது இணைப்பில் போய்க்கொண்டிருக்கும்போது முதல் இணைப்பில் யாரும் பேசுவதில்லை. வெகுநேரம் அமைதியாக இருக்கிற இணைப்பை ஆளில்லை என்று எண்ணி கேட்வே வெட்டிவிடுகிறது. கோப்பு வந்து சேர்ந்தது என்று சர்வர் சொல்லும்போது கேட்க அங்கே யாரும் இல்லை. இதை அவர்தான் கண்டுபிடித்தார். கோப்பு போய்க்கொண்டிருக்கும்போதே அந்த முதல் இணைப்பில் அவ்வப்போது அர்த்தமில்லாத ஒரு சொல்லை அனுப்பிக்கொண்டிருக்கும்படி என் கம்ப்யூட்டரில் ஓர் இடத்தை டிக் செய்யச் சொன்னார். இருக்கிறேன் என்று காட்டுவதற்கு மட்டும். அதுவும் சரியாயிற்று.

கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு தொந்தரவு. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ யார் யாரோ அவருடைய சர்வரில் பாஸ்வேர்டு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் என் வீட்டு எண்ணிலிருந்து வந்தால் மட்டும் விடு என்று கேட்வேயில் எழுதியிருந்தார். எங்கள் தெருவில் கரண்ட் போய் வந்தால் என் எண் மாறிவிடும். அப்போதெல்லாம் நான் அவரைக் கூப்பிட்டுப் புது எண்ணைச் சொல்லவேண்டும். திருவொற்றியூரில் கரண்ட் போவதற்குக் கேட்பானேன். அந்த மாதங்களில் கரண்ட் போனால் நான் ஒருத்திதான் திட்டாமல் இருந்திருப்பேன்.

முதலாளிக்கு இதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாறாத எண் ஒன்றை என் வீட்டு இணைப்புக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார். மணலிக்காரர் அதைக் கேட்வேயில் எழுதிவிட்டு, “இனிமே உங்களுக்கு பேஜாரே இல்ல மேடம்” என்றார். நல்லது சார் என்றேன். உண்மையாகவே பேஜார் இல்லை. கோப்புகள் கேட்காமலே போயின. சாயங்காலம் வந்தது, போன் பேசாமல் கிடந்தது. ஏதாவது சாக்கு வைத்துக் கூப்பிடலாமா என்று தோன்றும். என்ன கேட்பது? எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லவா கூப்பிடுவது? முழு வாக்கியம் ஒன்றுகூடப் பேசாமல் போன நாட்கள் உண்டு. பால் பாக்கெட் வாங்கும்போது கடைக்காரரிடம் சில்லறை சரியாக இருக்கிறது என்று சொல்லப் போனால் தொண்டை கட்டிக்கொண்டிருக்கும்.

மழைக்காலம் வந்தது. விடாமல் பெய்தது. ஏரியில் தண்ணீர் திறந்துவிட்டதாகவும், கொசஸ்தலை ஆறு வழிந்து மணலி புதுநகருக்குள் வந்துவிட்டதாகவும் டிவியில் காட்டினார்கள். இடுப்பளவு தண்ணீரில் படகு போய்க்கொண்டிருந்தது. சர்வருக்குள் நுழையப் பார்த்தேன், பதில் இல்லை. மறுப்புகூட இல்லை. அவர் போன் அணைந்திருந்தது. முதலாளி வெளியூரில் இருந்தார். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மணலிக்காரரைப்பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டாவது தெரு, மாடியில் தகர ஷெட் போட்ட வீடு என்பதுதான். வெயில் காலத்தில் சர்வர் சூடாகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னது. அலுவலகம் மூடியதிலிருந்து தேரடியைத் தாண்டாத பெண்மணி என்று எங்கள் தெருவில் எனக்குப் பேர். பஸ் விட ஆரம்பித்த அன்று காலையில் ரொட்டியும் மெழுகுவர்த்தியும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். தனியாக ஒரு மனிதர் சாப்பாடில்லாமல் மாடியில் உட்கார்ந்திருப்பதாகவே வழியெல்லாம் மனதில் ஓடிற்று.

தெரு முழுக்கச் சேறு. எல்லா வீட்டு மெத்தைகளும் சுவர்மேல் காய்ந்துகொண்டிருந்தன. தகர ஷெட் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் நின்றபோது உள்ளே கல்யாண வீடு மாதிரி ஒரு கூட்டம் இருந்தது. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், இடுப்பில் ஒரு குழந்தை, பீரோவைக் கவிழ்த்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மா. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு துடைப்பத்தால் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தவர்தான் அவராக இருக்கவேண்டும். சார் என்று கூப்பிட்ட என் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். லுங்கியை அவசரமாக இறக்கிவிட்டார்.

“வாங்க மேடம். என்ன இவ்ளோ தூரம்?” என்றார். முதல் நாள் போனில் பேசிய அதே மரியாதைத் தமிழ்.

சர்வர் மாடியில் இருந்ததால் தப்பித்துவிட்டதாகவும், கேட்வேதான் வாசல் சுவரோடு மூழ்கிப் போய்விட்டதாகவும் சொன்னார். பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். உலுக்கினால் உள்ளே தண்ணீர் ஆடியது. நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அதற்குமேல் இருவருக்கும் பேச எதுவும் கிடைக்கவில்லை. போனில் அத்தனை மாதம் பேசியவர்கள் நாங்கள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. மாடி ஷெட்டில் தனியாக உட்கார்ந்து பேசியதால்தான் அந்த வீட்டின் சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. நான்தான் அவருக்கு ஒரு காலி வீட்டைக் கட்டி வைத்திருந்தேன்.

பீரோவைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தார். அவர் மனைவி.

“நீங்கதான் அந்த வரையிற மேடமா?” என்றார். “இந்தாளு மாடில குந்திக்கினு லிஸ்ட்டு வந்துச்சா, லிஸ்ட்டு வந்துச்சான்னு கத்தினே இருப்பாரு. ரேஷன் கடை லிஸ்ட்டான்னு நாங்க கேலி பண்ணுவோம்.”

மருமகள்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பையில் இருந்ததை எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் குழந்தைக்கு என்று சொல்லி ரொட்டியை நீட்டினேன். அந்த அம்மா வாங்கி வைத்துவிட்டு, “வூட்ல யாரெல்லாம் கீறாங்க?” என்று கேட்டார்.

“யாரும் இல்லைங்க. நான் மட்டும்தான்.”

“ஒண்டியாவா கீறீங்க?”

ஆமாம் என்றேன். அவர் பரிதாபப்படவில்லை. மூலையில் இருந்த இன்னொரு துடைப்பத்தை எடுத்து என் கையில் கொடுத்து, “அந்த ரூம்பு இன்னும் ஆவல” என்றார்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாயங்காலம்வரை சேறு தள்ளினேன். நடுவில் மாடியில் அடுப்பு வைத்துக் கிளறிய உப்புமாவை எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். யார் யாரோ என்னை அக்கா என்றார்கள், எதையெதையோ எடுத்துத் தரச் சொன்னார்கள். அவர் என்னிடம் இரண்டொரு வார்த்தைதான் பேசினார். பஸ் ஸ்டாப்புவரை மூத்த மருமகள் வந்து ஏற்றிவிட்டாள். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தபோது முதுகு உடைந்துவிடும்போல் வலித்தது. விளக்கைப் போட்டேன். எல்லாச் சாமானும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அன்றைக்கு அந்த அறை இருந்த சுத்தத்தைப் பார்க்க முடியாமல் அழுதேன்.

மணலி வீட்டில் புதுப் பெட்டி மாட்டினார்கள். ஆனால் முதலாளி பயந்துபோய், கோப்புகளை வாடகைக்கு இடம் தரும் ஒரு கம்பெனியின் இணையதளத்துக்கு மாற்றிவிட்டார். வாசலும் இல்லை, எண்ணும் இல்லை. இழுத்துப் போட்டால் போய்விடுகிறது. சர்வரை வந்து எடுத்துக்கொண்டு போனார்கள் என்று மணலிக்காரர் ஒருநாள் போன் செய்து சொன்னார். யார்டிலேயே ஷிஃப்ட் வேலை கிடைத்திருப்பதாகவும் சொன்னார். அதுதான் நாங்கள் போனில் கடைசியாகப் பேசியது. அவர் மனைவி இரண்டு தடவை கூப்பிட்டார், பேத்திக்குக் காது குத்துகிறார்கள் என்று. நான் போய் வந்தேன். அந்தக் கூட்டத்தில் யாரிடமும் ஒட்டாமல் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். அவர்கள் மேல் குறை இல்லை. அது அவர்கள் வீடு.

பொங்கல் கழித்து முதலாளியிடம் யார்டில் எனக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுக்கமுடியுமா என்று கேட்டேன். வீட்டிலிருந்தே வசதியாகச் செய்கிற வேலைக்கு எதற்கு காட்டுப்பள்ளிவரை வரவேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை. கன்டெய்னர் ஒன்றில் ஜன்னல் அறுத்து ஏசி மாட்டி அலுவலகமாக்கியிருந்தார்கள். அங்கே ஒரு மேஜை கிடைத்தது. மணலிக்காரருக்கு ராத்திரி ஷிஃப்ட் என்பதால் அவரைப் பார்ப்பதில்லை. இப்போது காலையில் தேரடியில் யார்டு வேன் ஏறிப் போகிறேன். கூட இருக்கும் இரண்டு பெண்களும் என் வயதில் பாதிகூட இல்லாதவர்கள், காதில் எதையோ மாட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். பெரும்பாலும் பேச்சில்லாமல்தான் நாள் போகிறது. மத்தியானம் டப்பாவைத் திறக்கும்போது மட்டும் காதில் இருப்பதைக் கழற்றிவிட்டு, ‘இன்னா கொழம்பு மேடம்?’ என்று கேட்பார்கள். அதற்காகவே காலையில் சீக்கிரம் எழுந்து ஏதாவது உருப்படியாக வைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.